பத்து மீட்டர் எங்கே போயிற்று?

(திருப்பூரில் பின்னலாடைத் தொழில்துறையினரும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆர்.எஃப்.ஐ.டி. என்றால் என்னவென்று இந்த ஊரில் முதலிலிருந்து விளக்கத் தேவையில்லை. பையர் அனுப்பும் பேக்கிங் குறிப்பிலேயே அது வந்துவிடுகிறது. எந்த டேக், ஹேங் டேக்கிலா கேர் லேபிளிலா, எண் எப்படி எழுதப்பட வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கும். டேக் விற்பவரின் தாளில் ‘10 மீட்டர் வரை’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ரீடர் வாங்குகிறோம், வாசலில் மாட்டுகிறோம். மாட்டிய அன்று ஒருவர் ஒற்றை டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்பார். எட்டு மீட்டரில் பீப் அடிக்கும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் சரக்கு வரும். 40 பீஸ் போட்ட கார்ட்டனில் 37 தெரியும். பெட்டிக்கும் ரீடருக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. டேக் சரியில்லை என்பார் ரீடர் விற்றவர். ரீடர் சரியில்லை என்பார் டேக் விற்றவர். நடுவில் ஷிப்மெண்ட் நிற்கும்.

இரண்டு பேருமே பெரும்பாலும் நல்ல பொருளைத்தான் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாளில் இருக்கும் 10 மீட்டர் பொய்யும் அல்ல. எதிரொலி இல்லாத அறையில், சுற்றிலும் ஒன்றுமில்லாமல், டேக்கை ரீடருக்கு நேராக நிறுத்தி அளந்த தூரம் அது. உங்கள் பேக்கிங் செக்‌ஷனில் சுவர் இருக்கிறது, இரும்பு ரேக் இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, ஆட்கள் நடக்கிறார்கள். ரேஞ்ச் என்பதை இவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. டேக் வாங்கும்போது ரேஞ்சும் கூடவே வந்துவிடுவதில்லை. அதை நம் இடத்தில் நாம்தான் உண்டாக்க வேண்டும். இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

நாம் பயன்படுத்தும் யு.எச்.எஃப். டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு சிப் விழிக்கிறது. பதில் சொல்லவும் தனியாக அலை எதையும் அது உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டி எதிர்வீட்டுச் சுவரில் ஒளியை ஆட்டுகிற சிறுவன் செய்வது இதேதான். வெயில் அவனுடையது அல்ல, ஆட்டம்தான் அவனுடையது. பிரதிபலித்த சக்தியைக் கொண்டே தகவல் அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-இல் கட்டுரை எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1946-இல், பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரீஸ் ஓர் ஆன்டெனாவிலிருந்து இன்னோர் ஆன்டெனாவுக்கு எவ்வளவு சக்தி போய்ச் சேரும் என்பதற்கு ஒரு சிறிய சூத்திரம் தந்தார். இன்றும் ரேஞ்ச் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தச் சூத்திரத்திலிருந்து ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டேக்குக்குக் கிடைக்கும் சக்தி நான்கில் ஒன்றாகிவிடும். இதையே திருப்பிப் பார்த்தால், வழியில் எங்கேயாவது சக்தி நான்கில் ஒன்றாகக் குறைந்தால் ரேஞ்ச் பாதியாகும். டெசிபலில் சொன்னால் 6 டெசிபல் போனால் பாதி தூரம் போச்சு. களத்தில் நடக்கும் எல்லாக் குழப்பத்தையும் இந்த ஒரு கணக்கில் அளந்துவிடலாம்.

இப்போது கிடைக்கும் நல்ல சிப் ஒன்று விழிக்க 10 மைக்ரோவாட் போதும். அதற்கும் குறைவில் விழிக்கிறவையும் உண்டு. நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒதுக்கிய அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தபோது டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட், ஆன்டெனா குவித்து வெளியே அனுப்புவது 4 வாட் என்று வரம்பு வைத்தார்கள். 4 வாட்டும் 10 மைக்ரோவாட்டும் வைத்து, பின்னால் விளக்கப்போகும் வழக்கமான வட்ட முனைவு ஆன்டெனாவோடு கணக்குப் போட்டால் 15 மீட்டர் அளவில் விடை வரும். வெறும் வெளியில் அது உண்மையிலேயே வரும். அந்த 15 மீட்டர் எங்கெங்கே கரைகிறது என்று இனி பார்ப்போம்.

முதல் கசிவு ரீடருக்குப் பின்னாலேயே இருக்கிறது. ரீடர் பெட்டியை யாரும் தொடாதபடி மேலே ஒரு மூலையில் மாட்டி, அங்கிருந்து வாசலில் உள்ள ஆன்டெனாவுக்குக் கேபிள் இழுப்பார்கள். மெல்லிய கேபிள் வளைக்கச் சுலபம், விலையும் குறைவு. ஆர்.ஜி.-58 என்ற அந்த மெல்லிய வகையில் இந்த அலைவரிசைக்கு மீட்டருக்குச் சுமார் அரை டெசிபல் இழப்பு. 10 மீட்டர் இழுத்தால் 5 டெசிபல். அதாவது ரீடர் கொடுத்த 1 வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஆன்டெனாவைச் சேர்கிறது; மீதி கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். ரேஞ்ச் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். தடிமனான எல்.எம்.ஆர்.-400 வகை என்றால் அதே 10 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபல்தான். ஒரு கிடங்கில் கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டாமல் சுருட்டி, ரீடருக்குப் பக்கத்தில் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்தச் சுருளை வெட்டி இணைப்பு மாற்றியதும், புது டேக் வாங்காமலேயே ரீடிங் ஏறியது. சிக்கல் என்று யார் கூப்பிட்டாலும் நான் டேக்கைப் பார்ப்பதற்கு முன் கேபிளைத்தான் பார்ப்பேன்.

அடுத்தது டேக் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது. துணி லேபிளில் இருக்கும் டேக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி, அதுதான் சிப். இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகும் அலுமினியக் கோடுதான் ஆன்டெனா. 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 34.6 சென்டிமீட்டர், அதில் பாதி நீளம் ஆன்டெனாவுக்கு வேண்டும். லேபிளில் அவ்வளவு இடம் இல்லாததால் மடித்து மடித்துப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடு ரீடரின் அலை அசையும் திசையிலேயே கிடந்தால் நன்றாக வாங்கும். குறுக்கே கிடந்தால் ஏறக்குறைய ஒன்றும் வாங்காது. இதற்காகத்தான் அலையைச் சுழற்றி அனுப்பும் வட்ட முனைவு ஆன்டெனா வைக்கிறோம். டேக் நிமிர்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் அது பிடிக்கும். ஆனால் எப்போதும் பாதி சக்தியை, 3 டெசிபலை, விலையாக எடுத்துக்கொள்ளும். அப்படியும் டேக்கின் கோட்டு முனை ரீடரை நேராகக் குத்திக்கொண்டு நின்றால் எந்த வகை ஆன்டெனாவுக்கும் அது தெரியாது. கார்ட்டன் போகும் வழியில் இரண்டு பக்கமும் மேலேயும் ஆன்டெனா வைப்பது அதனால்தான்.

இனி பொருளுக்கு வருவோம். உலோகமும் தண்ணீரும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இரண்டு பெரிய எதிரிகள். உலோகத் தகட்டின்மேல் டேக்கை ஒட்டினால் தகட்டில் எதிர்த்திசை மின்னோட்டம் உண்டாகி, டேக்குக்கு வந்த அலையை அங்கேயே அழித்துவிடுகிறது. நடுவில் சில மில்லிமீட்டர் நுரை வைத்தால் கொஞ்சம் உயிர் வரும்; உலோகத்துக்கென்றே செய்த டேக் வேறு. தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு பக்கத்தில் இருந்தாலே டேக்கின் சுருதியை, அதாவது அது ஒத்திசையும் அலைவரிசையை, கீழே இழுத்துவிடும். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், ஆன்டெனாவுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றால் அவர் பின்னால் இருப்பது மறைந்துபோகும்.

இதை உலகம் பெரிய அளவில் கற்றுக்கொண்டது வால்மார்ட்டில். 2003-இல் அந்த நிறுவனம் தன் முதல் 100 சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் ஒட்டி அனுப்பச் சொன்னது. அந்தச் சரக்கில் சோப்புத் திரவமும் டப்பா உணவும் பானமும் இருந்தன. பேலட்டின் வெளி வரிசைப் பெட்டிகள் பேசும். நடுவில் இருந்தவை தண்ணீருக்கும் தகரத்துக்கும் பின்னால் ஊமையாகிவிடும். அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு இன்றைய சிப்புகளைவிடப் பல மடங்கு அதிக சக்தியும் தேவைப்பட்டது. எதிர்பார்த்த வேகத்தில் அந்தத் திட்டம் பரவவில்லை. பிற்பாடு இந்தத் தொழில்நுட்பம் வேர்பிடித்தது துணியில். ஸாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் 2014-இல் தன் கடைகளில் இதைக் கொண்டுவருவதாக அறிவித்தது. காய்ந்த பருத்திக்குள் இந்த அலை தடையில்லாமல் போகிறது. திருப்பூருக்கு ஆர்.எஃப்.ஐ.டி. வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இந்த இயற்பியலும் இருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பருத்தியே அலையை விடுகிறதே, பிறகு ஏன் 37? கார்ட்டனைத் திறந்து பார்த்தால் பதில் கிடைக்கும். ஒரே மடிப்பு, ஒரே பாலிபேக், ஒரே அடுக்கு. எல்லா ஹேங் டேக்கும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருக்கும். இரண்டு டேக்குகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டிக் கிடந்தால் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பாதிக்கும். இரண்டின் சுருதியும் கலையும். மேலே இருப்பது கீழே இருப்பதன் பங்கைத் தடுக்கும். பத்து டேக் அப்படி அடுக்கினால் நடுவில் இருப்பவை பட்டினிதான். நம் பேக்கிங் மேஜையில் இருப்பவர்கள் எவ்வளவு சீராக மடிக்கிறார்களோ அவ்வளவுக்கு டேக்குகள் நேர்க்கோட்டில் வந்துவிடுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக அடுக்கினால் டேக்குகள் இரண்டு மூலைகளுக்குப் பிரிந்துவிடும். பல இடங்களில் இந்த மாற்றமே காணாமல்போன பீஸ்களைக் கொண்டுவந்துவிடும். பையரின் பேக்கிங் முறை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் டி-சர்ட்டில் பளபளக்கும் ஃபாயில் பிரிண்ட் போடுகிறோமே, அதிலும் அலுமினியப் பூச்சு இருக்கும். டேக் அதன்மேல் படிந்து கிடந்தால் தகட்டில் ஒட்டியதுபோல ஆகலாம். உலோக ஜிப்பும் பட்டனும் அப்படித்தான். அந்த ஸ்டைல் மட்டும் ரீடிங் குறைகிறது என்றால் டேக்கை மாற்றுவதற்கு முன், மடித்த பிறகு அது எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று பலருக்கும் மர்மமாகவே இருக்கிறது. கார்ட்டன் நின்ற இடத்தில் ஒரு பீஸ் தெரியவில்லை. பெட்டியை ஒரு கை அகலம் நகர்த்தினால் அது தெரிகிறது, வேறொன்று மறைகிறது. ரீடரிலிருந்து நேராக வரும் அலையும், தரையிலும் ஷட்டரிலும் பட்டுத் திரும்பி வரும் அலையும் டேக் இருக்கும் இடத்தில் சந்திக்கின்றன. சில இடங்களில் இரண்டும் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். எதிர்ச்சுவரிலிருந்து திரும்பும் அலையால் அரை அலை நீளத்துக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 17 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, இப்படிக் குழி விழும். கூடுகிற இடத்தில் 15 மீட்டருக்கு அப்பாலும் டேக் பேசும், குழியில் 2 மீட்டரில்கூட வாய் திறக்காது. ஆகவே கார்ட்டனை ஆன்டெனா முன்னால் நிறுத்தி வைத்து ரீட் செய்யாதீர்கள். கன்வேயரில் நகர விடுங்கள். நகரும்போது ஒவ்வொரு டேக்கும் குழியிலிருந்து மேட்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடும்.

இதெல்லாம் நம் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும் ஓர் இடம் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக் நாம் துணியில் தைக்கும் டேக்குக்குச் சொந்தக்காரன்தான். அதே அலைவரிசை, அதே விதிமுறை. 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்களாகிவிட்டன. சில வண்டிகள் நிற்காமலே போகின்றன. சில வண்டிகள் முன்னும் பின்னும் நகர்ந்து, கடைசியில் ஊழியர் ஹேண்ட்ஹெல்ட் ரீடரோடு கண்ணாடி அருகே ஓடி வர வேண்டியிருக்கிறது. கணக்கில் பணம் இல்லாததும் கறுப்புப் பட்டியலும் ஒரு பக்கம் இருக்கட்டும். இயற்பியல் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அந்த டேக் கண்ணாடியில் ஒட்டுவதற்காகவே சுருதி சேர்க்கப்பட்டது. கண்ணாடி தன்னோடு ஒட்டிய ஆன்டெனாவின் சுருதியைக் கீழே இறக்கும். அந்த இறக்கத்தையும் கணக்கில் வைத்து, ஒட்டிய பிறகு 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும்படி டேக்கைச் செய்கிறார்கள். ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டினால் கண்ணாடி இல்லை, சுருதி மேலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு விரல்கள் சக்தியை உறிஞ்சுகின்றன. டேக்கைக் கையில் வைத்துக் காட்டும் வண்டிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் அதற்கு உண்டு. தடத்தில் வரிசை தேங்குவதற்கும் டேக்கைக் கையில் காட்டுவது ஒரு காரணம்தான். ஒட்டிய டேக்கை உரித்து வேறு கண்ணாடியில் ஒட்டினாலும் பயனில்லை. உரித்தால் ஆன்டெனா கிழிந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

சில கார்களில் வெயில் சூட்டைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வரும். அந்தக் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருப்பதுண்டு. வெயிலைத் திருப்புவதுபோல ரீடரின் அலையையும் அது திருப்பிவிடும். அப்படிப்பட்ட கண்ணாடியில், பின்புறம் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடத்தைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் புள்ளிகள் போட்ட பகுதியாக அது தெரியும். டேக் அங்கே இருந்தால் பேசும். நான்கு விரல் தள்ளிக் கீழே ஒட்டினால் பேசாது. சரியான இடத்துக்கும் தவறான இடத்துக்கும் உள்ள தூரம் சில சென்டிமீட்டர்தான், ஆனால் பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் நேரமும் அதில் போகிறது.

சுங்கச்சாவடி இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே ரேஞ்ச் அதிகமாக இருந்தாலும் தவறு. பக்கத்துத் தடத்தில் நிற்கும் லாரியையோ, பின்னால் இரண்டாவதாக நிற்கும் காரையோ ரீட் செய்துவிட்டால், பணம் ஒருவரிடமிருந்து போகும், தடை இன்னொருவருக்குத் திறக்கும். ஆகவே சக்தியைக் குறைத்து, ஆன்டெனாவைச் சாய்த்து, ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு மட்டும் பார்வையைச் சுருக்குகிறார்கள். நம் பேக்கிங் செக்‌ஷனிலும் அதே நிலைதான். 40 பீஸ் கார்ட்டனில் 37 வந்தால் உடனே கவனிக்கிறோம். 43 வந்தால்? பக்கத்துப் பேலட்டில் இருந்த மூன்று பீஸ் தேடி வந்து ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். மோசமானது இன்னொன்று: மூன்று விட்டுப்போய், பக்கத்துப் பெட்டியிலிருந்து மூன்று சேர்ந்து, திரையில் சரியாக 40 தெரிவது. எண்ணிக்கை சரி, பெட்டி தவறு. இதற்காகத்தான் அலை வெளியேறாத உலோகச் சுரங்கத்துக்குள் கார்ட்டனை விடுகிறார்கள். ‘ரீட் ஆகவில்லை, பவரைக் கூட்டு’ என்பதே நம் முதல் பழக்கமாக இருக்கிறது. அதனால்தான் பல இடங்களில் ஒரு குறையைத் தீர்க்கப் போய் இரண்டாவது குறை முளைக்கிறது.

நேரமும் ரேஞ்சைத் தின்னும். ஒரே நேரத்தில் எல்லா டேக்கும் பேசினால் எதுவும் புரியாது என்பதால், ஆளுக்கொரு முறை ஒதுக்கி ரீடர் கேட்கிறது. நூறு டேக் இருக்கும் பெட்டி கன்வேயரில் வேகமாக ஓடினால், ஓரமாக, பலவீனமாக இருக்கும் டேக்குக்கு முறை வருவதற்குள் பெட்டி தாண்டிவிடும். பேசி முடித்த டேக்கைக் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கச் சொல்லும் ஏற்பாடு இந்த விதிமுறையிலேயே இருக்கிறது. அதற்கு செஷன் என்று பெயர். பெரிய பெட்டிக்கு அதைச் சரியாகத் தேர்ந்தால் பலத்த குரல்கள் ஓய்ந்து மெல்லிய குரல்கள் கேட்கும். ரீடரின் அமைப்புத் திரையில் ஒரே ஒரு தேர்வுதான். பெரும்பாலும் யாரும் தொடாமல் விட்டிருக்கும் தேர்வும் அதுவே.

இதுவரை பேசியது யு.எச்.எஃப். பற்றி. நூலகப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் இருக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை வேறு. அது காந்தப்புலத்தில் இயங்குகிறது. தூரம் கூடக்கூட அந்தப் புலம் மிக வேகமாகச் சரிவதால் சில சென்டிமீட்டரிலிருந்து அதிகம் போனால் ஒரு மீட்டர் வரைதான். தண்ணீருக்கு அது அவ்வளவாகப் பயப்படாது. ஈரமான இடத்தில், பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும் என்றால் அதுவே நல்லது. தூரத்தைக் காட்டி யாராவது யு.எச்.எஃப். விற்க வந்தால், அந்தத் தூரம் உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள்.

கடைசியாக, அளப்பது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன். டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் சோதனையை விட்டுவிடுங்கள். உங்கள் மிகக் கஷ்டமான சரக்கை எடுங்கள்: அதிகப் பீஸ், ஃபாயில் பிரிண்ட், நெருக்கமான மடிப்பு. எந்தக் கன்வேயரில் எந்த வேகத்தில் ஓடப்போகிறதோ அங்கேயே ஓட்டுங்கள். எல்லாம் ரீட் ஆனதும் நிறுத்திவிடாமல், ரீடரின் சக்தியை ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் பீஸ் எங்கே விடுபடுகிறதோ, அங்கிருந்து நீங்கள் ஓட்டும் சக்தி வரை உள்ள இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. ஒரு டெசிபல் குறைத்ததுமே விடுபட்டால், மழைக்காலத்தில் துணி ஈரம் ஏறும் நாளிலோ, யாராவது இரும்பு ட்ராலியைப் பக்கத்தில் நிறுத்தும் நாளிலோ கட்டாயம் விடுபடும். 5, 6 டெசிபல் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். பிறகு பக்கத்துப் பேலட்டை எவ்வளவு அருகில் கொண்டுவரும்போது அதன் எண்கள் உள்ளே வருகின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போடுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரிலும் இதையே எழுதுங்கள். ‘ரேஞ்ச் 10 மீட்டர்’ என்ற வரியை எடுத்துவிட்டு, இந்தக் கார்ட்டன், இத்தனை பீஸ், இந்த வேகம், இந்த வாசல், சக்தியில் இத்தனை டெசிபல் கையிருப்பு, மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இருப்பது ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்பவர் தயங்கினால், உங்கள் இடத்தை வந்து பார்த்துவிட்டு விலை சொல்லச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால், உங்கள் கார்ட்டனின் அளவையும் ஆன்டெனா மாட்டிய இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.